விறகை யாரும் அறுப்பதில்லை

எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருக்க வேண்டிய குழியில் கடுகுதான் இருக்கும். வெந்தயம் ஒரு நாளும் அதில் தவறி விழுந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதை நிரப்புவது நான்தான், என் மனைவி கல்பகம் அல்ல. நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டால் நல்லது என்பதற்காகச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்கள் சித்தூர்க்காரர், தமிழ் வாசிக்க வரும் என்று சொன்னீர்கள். அதனால் தமிழிலேயே எழுதித் தருகிறேன். நீங்கள் கேட்டு நான் சொல்வதைவிட இது சீக்கிரம் முடியும். வரிசையாகவும் இருக்கும்.

என் பெயர் வைத்தியநாதன். வயது அறுபத்தெட்டு. பாலாநகரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் இறக்குமதிப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிற ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத் துறை அட்டவணையில் ஒரு தலைப்பு உண்டு. திருகாணிக்கு ஒரு எண், திருகாணியை முடுக்குகிற கருவிக்கு வேறு எண். எது எந்தத் தலைப்பில் வரும் என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. நான் எழுதிய தலைப்பை எந்த அதிகாரியும் மாற்றியதில்லை. ஒரு முறைகூட இல்லை. ஓய்வு பெற்ற அன்று போர்த்திய சால்வையைக் கல்பகம் இஸ்திரி மேஜைக்கு விரித்துவிட்டாள். இந்தப் பெருமையை மட்டும் யாராலும் எங்கேயும் விரிக்க முடியவில்லை.

ஓய்வுக்குப் பிறகு தமிழர் இறுதி உதவிச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன். ஹைதராபாத்துக்குப் பிழைக்க வந்த நம் ஆட்கள் வீட்டில் சாவு விழுந்தால் சடங்குக்கு வாத்தியார், வண்டி, விறகு எல்லாவற்றுக்கும் ஓடுகிற சங்கம். நூற்று நாற்பத்துமூன்று உறுப்பினர்கள். விறகு பிளக்கிற ஆட்களெல்லாம் கச்சிபௌலிப் பக்கம் சாப்பாடு டெலிவரிக்குப் போய்விட்டார்கள். ஆகவே ஃபின்லாந்திலிருந்து ஓர் இயந்திரம் வரவழைத்தோம். ஆரஞ்சு நிறம். ஒரு பக்கம் முழு மரத்தைக் கொடுத்தால் உள்ளே ஒரு ரம்பம் துண்டு போடும். துண்டு கீழே விழும். ஒரு தண்டு அதைத் தள்ளிக்கொண்டு போய் இரும்பு ஆப்பின் மேல் மோதும். நான்காகப் பிளந்து மறுபக்கம் வந்து விழும். எல்லாம் பத்து நொடிதான். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

சிக்கல் அந்தப் பத்து நொடிக்குள்தான் இருக்கிறது. மரம் அறுக்கும் இயந்திரத்துக்கு அட்டவணையில் ஒரு தலைப்பு, மரம் பிளக்கும் இயந்திரத்துக்கு இன்னொரு தலைப்பு. இரண்டையும் செய்தால் அதன் முதன்மைப் பணி எது என்று பார்க்க வேண்டும். நான் பிளக்கும் இயந்திரம் என்று எழுதினேன். சரக்கு முனையத்தில் இருந்த அதிகாரி அனுபமா அதை என் கண்ணெதிரிலேயே சிவப்பு மையில் அடித்து, அறுக்கும் இயந்திரம் என்று எழுதினார்.

முப்பது வயதுதான் இருக்கும். மரியாதையான பெண். விஜயவாடாக்காரர்.

"ஃபர்ஸ்ட் கட்டிங் கதா சார்?" என்றார். முதலில் அறுக்கத்தானே செய்கிறது என்கிறார்.

முதலில் நடப்பது முதன்மை ஆகிவிடாது. கல்யாணத்தில் முதலில் நடப்பது பந்தல் போடுவது. அதற்காகப் பந்தல்காரனையா மாப்பிள்ளை என்கிறோம்? இதை நான் பணிவாகத்தான் கேட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து பதினான்கு பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதினேன். தமிழில் மரத்தை அறுப்போம், விறகை வெட்டுவோம் அல்லது பிளப்போம். விறகை யாரும் அறுப்பதில்லை. அறுத்தால் அது பலகை. பிளந்தால்தான் விறகு. ஆக, இந்த இயந்திரத்துக்குள் மரம் எந்த இடத்தில் விறகாகிறதோ அந்த இடம்தான் அதன் முதன்மைப் பணி.

அனுபமா பதினான்கு பக்கத்தையும் படித்தார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். படித்து முடித்துவிட்டு, "மா இண்ட்லோ கட்டெலு கொடதாரு அண்டாரு சார். அயிதே இதி சுத்தியா?" என்றார். அவர்கள் வீட்டில் விறகை 'அடிப்பது' என்றுதான் சொல்வார்களாம். அப்படியானால் இது சுத்தியலா என்று கேட்கிறார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நான்காவது முறை போனபோது அவர் களைத்துப் போயிருந்தார். இயந்திரத்தை இப்போதைக்கு விடுவிக்கிறேன், நீங்கள் சொல்கிற தலைப்பை ஏற்கவேண்டுமானால், படிவத்தில் எழுதிய காரியத்துக்கே அது பயன்பட்டது என்று ஒரே ஒரு சான்று கொண்டு வாருங்கள் என்றார். படிவத்தில் நான் எழுதியிருந்தது: 'இறுதிச் சடங்குக்குரிய பிளந்த விறகு தயாரித்தல்'. ஒரு தகனத்தின் பதிவும் படமும் போதும். ஆறு மாதம் அவகாசம். அதற்குள் வராவிட்டால் அறுக்கும் இயந்திரம் என்றே முடிவாகும். இதை எழுத்தில் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

"நூத்து நாப்பத்துமூணு பேர்ல தொண்ணூறு பேர் எழுபது தாண்டினவா. ஆறு மாசத்துல ஒருத்தர்கூடவா போகமாட்டா?" என்றேன் கல்பகத்திடம்.

"முதல்ல போய் வாயை அலம்பிண்டு வாங்கோ," என்றாள்.

முதலில் ஒருவரும் போகவில்லை, ஐயா. சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அவ்வளவு ஆரோக்கியமான காலம் இருந்ததில்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஓடுவேன். ஜெயராம் என்று ஒருவர், செயற்கை சுவாசத்தில் இருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் எழுந்து இட்லி கேட்டார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் ராசிதான் அவரை எழுப்பியது என்று அழுதார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லோரும் என்னைப்போல அக்கறையுள்ள செயலாளர் கிடையாது என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு இறந்த இரண்டு மூன்று பேரும் உதவவில்லை. எண்பத்தெட்டு வயது வள்ளியம்மாள் மகள் வீட்டுக்குக் கலிஃபோர்னியா போன இடத்தில் இறந்தார். நாற்பது வருஷம் இங்கே இருந்துவிட்டு, சரியாக இந்த வருஷம் பார்த்து. இன்னொருவர் உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். செகந்திராபாத் மரியசூசை காலமானபோது அவரை அடக்கம்தான் செய்வார்கள் என்று தெரியும். சவப்பெட்டிக்காவது மரம் வேண்டுமே என்று யோசித்தேன். ஆனால் பெட்டிக்கு வேண்டியது பலகை, அதாவது அறுத்த மரம். அதைக் கொண்டு போய்க் கொடுத்தால் அனுபமா சொன்னதை நானே நிரூபித்தது போலாகிவிடும்.

இப்படி நாலு மாதம் போனது.

எங்கள் சங்கத் தலைவர் தண்டபாணி. பொள்ளாச்சிக்காரர், எண்பத்தோரு வயது, மனைவி தவறிவிட்டார். மகன் ஹர்ஷா கச்சிபௌலியில் ஐடி வேலை. தண்டபாணி மட்டும் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அஞ்சறைப் பெட்டியை முடித்துவிட்டுக் கல்பகத்தின் மாத்திரைப் பெட்டியை நிரப்புவேன். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு குழி இருக்குமே, அந்தப் பெட்டி. அப்புறம் தண்டபாணி வீட்டுக்குப் போய் அவருடையதையும் நிரப்புவேன். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. என்னை அவ்வளவு நம்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்: "ஏனுங்க வைத்தி, எப்ப வெந்தாலும் இந்தக் கட்டைக்கு அந்த மெசின் வெறகுதானுங்க போடோணும். வேறெதையும் போட்டுப்போடாதீங்க."

நம் பேச்சில் உடம்பைக் கட்டை என்று சொல்வது சாதாரணம். சலிப்பில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் நான் முப்பத்தோரு வருஷம் படிவம் பார்த்தவன். பொருளின் பெயர் கட்டை. பயன்பாடு தகனம். ஒருவர் தன் வாயால் இரண்டையும் அறிவித்திருக்கிறார். வாய்ப்பேச்சு செல்லாது என்பதால் ஒரு தாளில் எழுதி அவரிடம் நீட்டினேன். "அடேங்கப்பா, இதுக்கெல்லாமுமா கையெழுத்து?" என்று சிரித்துக்கொண்டே போட்டார். தமிழில், அழகான கையெழுத்து. தேதி மட்டும் போட மறந்துவிட்டார், நான் கேட்டு வாங்கினேன்.

அட்டவணையில் மருந்து ஒரு தலைப்பு. சத்து மாத்திரை வேறு தலைப்பு, அது உணவுப் பொருள் வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வெள்ளை, வட்டம், நடுவில் ஒரு கோடு. மூன்று வாரம் தண்டபாணியின் பெட்டியில், இதயத்துக்கான மருந்து இருக்க வேண்டிய குழியில் உணவுப் பொருள் இருந்தது. தெரிந்தே நான் செய்த முதல் தவறான வகைப்பாடு அது. எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை. அந்த மூன்று வாரமும் சாப்பாடு இறங்கவில்லை.

நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்காரம்மாள் வந்து கதவைத் தட்டியும் தண்டபாணி திறக்கவில்லை. நானே பூட்டை உடைக்க ஏற்பாடு செய்தேன். பத்து மணிக்குள் பிளந்த விறகு மினி லாரியில் ஏறித் தயாராக நின்றது. நன்றாகக் காய்ந்த விறகு. நானே ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஏற்றினேன்.

ஹர்ஷா கேப்பில் வந்து இறங்கி என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், எலக்ட்ரிக்ல ட்வெல்வ் தர்ட்டி ஸ்லாட் புக் பண்ணிட்டேன்," என்றான்.

நான் தாளைக் காட்டினேன். "அப்பா ஜோக்குக்குப் போட்டிருப்பார் அங்கிள். பொகை ஜாஸ்தி, பக்கத்துல அபார்ட்மெண்ட்ஸ் எல்லாம் இருக்கு. நக்கோ அங்கிள், ப்ளீஸ்," என்றான். நக்கோ என்றால் வேண்டாம். இங்கேயே படித்த பையன், அவன் தமிழ் அப்படித்தான் இருக்கும். மகன் சொன்னால் சொன்னதுதான். பன்னிரண்டு முப்பதுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. லாரி விறகோடு திரும்பிப் போனது. நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். முப்பது வருஷ நட்பு என்று எல்லோரும் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். ஒரு நல்ல மனிதர் வீணாகப் போய்விட்டார் என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் அனுபமாவுக்குப் போன் செய்து அவகாசம் கேட்டேன். "ஒதிலேயண்டி சார். ரெண்டிடிகி ட்யூட்டி ஒகடே கதா," என்றார். விட்டுவிடுங்கள், இரண்டுக்கும் வரி ஒன்றுதானே என்று அர்த்தம்.

நேற்று நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள். இரண்டு தலைப்புக்கும் வரியில் எவ்வளவு வித்தியாசம் என்று. வித்தியாசம் ஒன்றுமில்லை. முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். இதைக் கேட்டதும் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். வரி வித்தியாசத்துக்காகத் தலைப்பை மாற்றிப் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் திருடர்கள். நான் அப்படிப்பட்டவன் அல்ல.

இருபத்தாறு நாள் மிச்சம் இருந்தது. தண்டபாணி விஷயத்தில் எங்கே தப்பு செய்தேன் என்று நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன். இறப்பது யார் என்பதை மட்டும் பார்த்துவிட்டேன். விறகா மின்சாரமா என்று முடிவு செய்வது யார் என்பதைப் பார்க்கவில்லை. உறுப்பினர் பட்டியலை மறுபடி எடுத்து, 'முடிவெடுப்பவர்' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டேன். மகன், மகன், மருமகன், மகள், அண்ணன், மகன். மிச்சமிருந்த ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்தேன். என் பெயர் ஒரே ஒரு வரியில்தான் வந்தது.

கல்பகத்தை எனக்குப் பிடிக்கும், ஐயா. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். முப்பத்தொன்பது வருஷத்தில் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டதில்லை. மாயவரத்திலிருந்து வந்தவள் இங்கே காய்கறி வண்டிக்காரனிடம் தெலுங்கிலும் உருதுவிலும் பேரம் பேசுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கும். இதய வால்வு ஆபரேஷன் ஆனதிலிருந்து, ரத்தம் உறையாமல் இருக்க அவள் தினம் ஒரு மாத்திரை போட வேண்டும். ஒரு நாளும் தவறியதில்லை. பெட்டியை நான் நிரப்புகிறேன் என்பதால்.

அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடாமல் பதினான்கு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மோர்சாதத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏன்னா, அது அறுக்கவும் செய்யறது, பிளக்கவும் செய்யறது. ரெண்டும் பண்ற மெஷின்னு எழுதிட்டுப் போங்கோளேன். அப்படி ஒரு தலைப்பு இருக்காதா?"

இருக்கிறது. கருவியை மாற்றாமலே பலவகை வேலை செய்யும் மர இயந்திரங்களுக்கென்று தனித் தலைப்பு ஒன்று இருக்கிறது. அட்டவணையைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருத்திக்கு, கையில் மோர்சாதத்தோடு, அது தோன்றியிருக்கிறது. நான் அதை முதல் நாளே பார்த்து ஒதுக்கிவிட்டேன். ஏன் ஒதுக்கினேன் என்பதற்குப் பதினான்கு பக்கத்தில் எங்கோ காரணம் இருக்க வேண்டும். அப்போது தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. "உனக்குத் தெரியாத விஷயம்," என்றேன். அவள் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியை நான் நிரப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும்.

நீங்கள் இதைக் கொலை என்ற தலைப்பில் பதிவு செய்திருக்கிறீர்கள். உங்கள் வேலையில் குறை சொல்வதாக நினைக்கக்கூடாது, ஆனால் அது சரியான வகைப்பாடு அல்ல. ஒரு செயல் இரண்டு காரியம் செய்தால் முதன்மைப் பணி எது என்று பார்க்க வேண்டும். நான் செய்ததன் முதன்மைப் பணி, ஓர் இயந்திரத்தின் சரியான தலைப்பை நிலைநாட்டுவது. உயிர் போனது கூடவே நடந்தது. இதைத் தனித் தாளில் விரிவாக எழுதி இணைத்திருக்கிறேன். ஒன்பது பக்கம்தான்.

அவகாசம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, காலையில் கோலம் போட வாசலுக்குப் போனவள் திரும்பி வந்து, "ஒரு பக்கமா என்னமோ மாதிரி இருக்கு," என்று உட்கார்ந்தாள். அரை மணி நேரம்கூட இல்லை. கடைசி வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என் மகள் ரோகிணி ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து ஆலையில் தரப் பரிசோதனை செய்கிறவள். அழுதழுது முகம் வீங்கிப்போய், "நான்னா, எலக்ட்ரிக் பெட்டர் கதா?" என்று கேட்டாள். அப்பா என்பதற்கு அவளுக்கு எப்போதும் நான்னாதான். அம்மாவுக்கு முறைப்படிதான் செய்ய வேண்டும் என்றேன். கணவன் சொன்னால் சொன்னதுதான்.

விறகை நானே அடுக்கினேன். பிளந்த முகம் வெளியே தெரிகிற மாதிரி. தீ வைப்பதற்கு முன் நாலு பக்கத்திலிருந்தும் போனில் படம் எடுத்தேன். வாத்தியார், "வைத்தி, போட்டோ எதுக்குடா இப்போ?" என்றார். பதிவுக்கு என்றேன். பாவம், மனசு கலங்கிப் போயிருக்கிறது என்று அவர் மற்றவர்களிடம் சொன்னது காதில் விழுந்தது. விறகு மிக நன்றாக எரிந்தது. அறுத்த மரம் அப்படி எரியாது. அதையும் படங்களோடு சுங்கத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்.

ரோகிணி சொன்னதை நீங்கள் ஏற்கெனவே எழுதி வாங்கிவிட்டீர்கள். அம்மாவின் பெட்டியில் மிஞ்சிய மாத்திரைகளைக் கையில் எடுத்த உடனே இது மருந்தே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். ஆலையில் கொண்டுபோய்ச் சோதித்தது அதற்கப்புறம்தான். பார்த்த மாத்திரத்தில் சரியான தலைப்பைச் சொல்ல எல்லோராலும் முடியாது. எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அவள் இப்போது என்னிடம் எந்த மொழியிலும் பேசுவதில்லை. தலையெழுத்து, என்ன செய்வது?

நீங்கள் வந்தது சனிக்கிழமை. சுங்கத்திலிருந்து உத்தரவு விரைவுத் தபாலில் வந்தது அதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை. வாசலிலேயே உறையைக் கிழித்துப் படித்தேன். சமர்ப்பித்த சான்று ஏற்கப்பட்டது, இயந்திரம் பிளக்கும் இயந்திரமாகவே இறுதி செய்யப்பட்டது, கீழே அனுபமாவின் கையொப்பம். உங்கள் மனைவியின் மறைவுக்கு வருந்துகிறேன் என்று ஓரத்தில் கையால் ஒரு வரி எழுதியிருந்தார். எனக்குக் காலே தரையில் பாவவில்லை. கல்பகத்தைக் கூப்பிட்டுக்கொண்டே சமையலறைக்குப் போனேன். அங்கே இல்லை. கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன், மாடியில் போய்ப் பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது, ஐயா. இத்தனை நாள் காத்திருந்து ஒரு நல்ல சேதி வருகிற அன்றைக்குப் பார்த்தா இந்த மனுஷி வீட்டில் இல்லாமல் போவாள்?